பேன்ட் பைக்கு ஒரு மடக்குக்கத்தி: சென்னையில் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக மடக்குக்கத்தி வாங்க வருபவர்கள் முதலில் அலகைத்தான் விரித்துப் பார்க்கிறார்கள். என்ன எஃகு, எவ்வளவு நீளம், காகிதத்தை வெட்டுமா என்று கேட்கிறார்கள். சென்னையில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. அலகு மழுங்கினால் தீட்டலாம். துருப்பிடித்தால் தேய்த்து எடுக்கலாம். பிடி வெடித்துவிட்டாலோ, ஊதிவிட்டாலோ, பூச்சி அரித்துவிட்டாலோ அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. கடற்காற்றும் மே மாத வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறித் தாக்கும் ஊரில் கத்தியின் ஆயுளை முடிவு செய்வது பிடிதான். சேகரிப்பவர்களுக்குச் சட்டச் சிக்கல் வருவதும் பெரும்பாலும் பிடியின் வழியாகத்தான். அதைக் கீழே பார்ப்போம்.

இங்கே பேசுவது பழைய பாணிக் கத்திகளைப் பற்றி மட்டும். அலகைப் பிடித்து நிறுத்தப் பூட்டு இருக்காது; பெரும்பாலும் முதுகில் உள்ள எஃகு வில்லின் அழுத்தத்தால் விரிந்து நிற்கும், கையால் அழுத்தினால் மடங்கும். தாத்தாக்கள் பேனாக்கத்தி என்று சொன்ன வகையும் அதன் அண்ணன் தம்பிகளும். பொத்தானை அழுத்தினால் பாய்கிற கத்திகளும், கறுப்புப் பூச்சு பூசி ‘கமாண்டோ’ என்று விற்கப்படுபவையும் இந்த வழிகாட்டியில் இல்லை. அவற்றைத் தேடி வந்தவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கும் முன்: சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ என்று செய்யப்பட்ட பொருளை ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே செய்யப்பட்டவை அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கத்தி போன்றவற்றுக்கு ஓர் அளவையும் சொல்கின்றன: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால்தான் அந்தக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் தொழிலுக்கும் உரியவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. 3 அங்குலப் பேனாக்கத்தி அந்த அளவை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. 7.62 சென்டிமீட்டர்தான் இந்தியா முழுவதற்குமான வரம்பு என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அது டெல்லிக்காக 1980இல் வந்த அறிவிக்கை. ஸ்பிரிங், பொத்தான் வகைக் கத்திகளைப் பற்றியது.

ஆனால் சட்டப் புத்தகம் வேறு, இரவு பதினோரு மணிக்கு வாகனச் சோதனையில் நிற்பது வேறு. பட்டாக்கத்தி என்ற சொல் அடிக்கடி செய்தித்தாளில் வரும் ஊர் இது. தடுப்புக்கு அருகில் நிற்கும் காவலர் அளவுகோலை எடுக்கப்போவதில்லை. எதற்கு வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க என்பவை உண்மையான பதில்கள்; உண்மையாக இருந்தால் சொல்லுங்கள். ‘தற்காப்புக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சட்டத்தின் வரையறையில் உள்ள அதே சொல்லை எடுத்துக் கொடுத்து, உங்கள் பழக்கத்தியை நீங்களே ஆயுதமாக்கிவிடுகிறீர்கள். தற்காப்புக்குக் கத்தி வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்தப் பொழுதுபோக்கே பொருந்தாது. பூட்டில்லாத கத்தியால் குத்தினால் அது மடங்கி முதலில் குத்துபவரின் விரலைத்தான் வெட்டும்.

மெட்ரோ நிலையம், விமான நிலையத்தின் பயணிகள் பகுதி, உயர் நீதிமன்ற வளாகம், தலைமைச் செயலகம், திரையரங்கு, பெரிய வணிக வளாகம் ஆகிய இடங்களுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கொண்டுபோக வேண்டுமானால் கவுண்ட்டரில் எடை போட்டு அனுப்பும் பெட்டிக்குள் வைக்கலாம். கைப்பையில் கூடவே கூடாது. தேர்தல் நேரத்திலும் பெரிய ஊர்வலங்கள் நடக்கும் நாட்களிலும் வெளியில் எடுத்துச் செல்வதைத் தவிருங்கள்.

பிடிகளை அறிதல்

முதல் கத்திக்கு என் பரிந்துரை பலருக்குப் பிடிக்காது: அலுமினியம் அல்லது நல்ல செயற்கைப் பிடி. ‘எலும்பும் கொம்பும் இல்லாத கத்தி என்ன கத்தி’ என்று மூத்த சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தியின் வரிவரியான அலுமினியப் பிடி வியர்வைக்கும் மழைக்கும் அசைவதில்லை. 1897இல் வந்த அதிகாரிகள் கத்தியின் வழியில் இன்றும் வருகிற சிவப்பு பிளாஸ்டிக் பிடி கீறல் விழும், ஆனால் ஊதாது. அமெரிக்கக் கத்திகளில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ வரும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பிடியும் அப்படித்தான். துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா இன்னும் ஒரு படி மேல்: தொடத் தொடக் கைக்கு இணங்கி நிறம் ஆழமாகும், மழையில் நனைந்தாலும் பிடி வழுக்காது. இயற்கைப் பொருளின் சுகத்தையும் செயற்கைப் பொருளின் பொறுமையையும் சேர்த்துக் கேட்பவர் மைக்கார்ட்டாவைத் தேடுங்கள்.

உலோகப் பிடிகளில் இரண்டு பழைய கத்திகள் சென்னைக்கென்றே செய்ததுபோல் பொருந்துகின்றன. ஒன்று, ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி. ஒரே தகட்டை மடித்துச் செய்த பித்தளைப் பிடி, வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. மற்றொன்று, பிரான்சின் தியேர் நகரத்தில் 1929இலிருந்து வரும் டுக்-டுக். அதுவும் மடித்த எஃகுத் தகடுதான். பித்தளை வாடை கையில் ஒட்டும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். குத்துவிளக்கைத் தேய்க்கிற வீட்டில் இதற்கு வைத்தியம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புளியைப் பிடியில் மட்டும் தடவுங்கள். அலகு சுழலும் மூட்டுக்குள் புளிநீர் இறங்கினால் எஃகு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.

மரப்பிடி கண்ணுக்கு அழகு, நவம்பரில் சோதனை. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இலிருந்து வரும் ஒப்பினெல் இதற்கு நல்ல உதாரணம். அதன் பிடி பீச் மரம். சென்னை மழைக்காலத்தில் அந்த மரம் ஈரத்தைக் குடித்து ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். இதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். அந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. அதனால் கறாராகப் பார்த்தால் பூட்டில்லாக் கத்திகளின் பட்டியலில் இதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் எந்தச் சேகரிப்பாளரும் இதை வெளியே தள்ளியதில்லை. வாங்கியதுமே மூட்டுப் பகுதி மரத்தில் ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி நன்றாகக் காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ஊதல் பெருமளவு குறையும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

நம் மரங்களில் ஈட்டியும் தேக்கும் எண்ணெய்ப்பசை உள்ளவை, அதனால் ஈரத்துக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. கருங்காலி கனமானது, பளபளப்பு ஏறும், ஆனால் குளிர்சாதன அறையின் வறட்சியில் மயிரிழை வெடிப்பு விழும். கருங்காலி மாலைக்கு வந்த மோகத்துக்குப் பிறகு கறுப்புச் சாயம் ஏற்றிய எந்த மரமும் கருங்காலி என்ற பெயரில் விற்கிறது. வெள்ளைப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பிடியின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

எலும்புப் பிடி பெரும்பாலும் மாட்டின் காலெலும்பு. அதன் மேல் குழிகுழியாகச் செதுக்கிச் சாயமேற்றுவது மேலை நாட்டு வழக்கம். மான் கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்யத் தொடங்கியது, பிறகு தனி அழகாகவே நிலைத்துவிட்டது. உண்மையான எலும்பை உருப்பெருக்கியில் பார்த்தால் இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்ணிய துளைகளும் கோடுகளும் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் முறையும் உண்டு. பிறர் கடையில், பிறர் கத்தியில் அதைச் செய்யாதீர்கள். எலும்பில் வெடிப்பு முதலில் ஆணியைச் சுற்றித்தான் வரும், அங்கே பாருங்கள். மலிவான சாய எலும்பு வியர்வையில் நிறம் விடும்; வெள்ளை வேட்டி கட்டுபவர் கவனிக்க.

எருமைக் கொம்பு இந்தியக் கத்திகளில் பழகிய பொருள். வளர்ப்பு எருமையின் கொம்பு என்பதால் வனவிலங்குச் சட்டத் தொல்லை இல்லை. வழவழப்பு, ஆழ்ந்த கறுப்பு, நடுவில் தேன்நிறக் கீற்று என்று பார்த்தால் ஆசை வரும். ஆனால் கொம்பு நம் நகத்தின் இனம்: வற்றினால் சுருங்கும், ஏடு ஏடாகப் பிரியும். அலமாரியில் மறந்து வைத்தால் புழு துளைக்கும். கொம்புக் கத்தி வாங்கினால் அதை அடிக்கடி கையில் எடுக்கும் ஆளாக இருங்கள். கைப்பிசுக்கும் மாதம் ஒருமுறை ஒரு துளி மினரல் எண்ணெயும் அதற்குப் போதும்.

இப்போது சட்டச் சிக்கலுக்கு வருவோம். மான் கொம்பு, தந்தம், ஆமையோடு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த பழைய கத்திகளின் பெயர்போன மான் கொம்புப் பிடிகளில் பெரும் பங்கு இந்தியக் கடமானின் கொம்புதான். இங்கிருந்து கப்பலேறிய பொருள் இன்று இங்கே வாங்கவோ விற்கவோ முடியாததாகிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்ற விளக்கம் காப்பாற்றாது. தந்தத்துக்கும் அழுங்காமை ஓட்டுக்கும் இதே கதை. தாத்தா பெட்டியில் தந்தப் பிடிப் பேனாக்கத்தி கிடைத்தால் ஆர்வத்தில் படமெடுத்து விலைபேச வேண்டாம். வனத்துறையிடம் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். குறுக்கே வெட்டிய பரப்பில் வலைபோல் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருந்தால் அது தந்தம்.

வெளிநாட்டு விற்பனையாளரின் பட்டியலைப் படிக்கும்போது அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தின் எண்முறை உங்களைக் காப்பாற்றும். மாதிரி எண்ணின் முதல் இலக்கம் பிடியைச் சொல்கிறது: 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி. அடுத்த இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை, மீதி வடிவம். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, ‘டிராப்பர்’ என்று பெயரிட்ட வடிவம். 5 என்று தொடங்கும் கத்தியைத் தருவித்துச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதே நிறுவனம் 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்தப் பத்தாண்டுக் கத்திகளில் புள்ளிகளை எண்ணினால் கத்தி பிறந்த ஆண்டு தெரிந்துவிடும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

புதிய கத்திக்கு நிறுவனங்களின் கடையும் நம்பகமான இணைய விற்பனையும் போதும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பழையதற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய பூட்டு, ரேடியோ, பாக்குவெட்டி, கிராமபோன் குழல் நடுவில் பேனாக்கத்தியும் கிடக்கும், கிடக்காமலும் போகும். வெயில் ஏறுவதற்குள் போங்கள். கத்தி கிடைக்காவிட்டாலும் பாக்குவெட்டிகளைப் பாருங்கள். மூட்டின் பொருத்தம், உலோக வேலை, கையில் உட்காரும் விதம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான பள்ளிக்கூடம் சென்னையில் கிடையாது. நல்ல பிடிகள் எப்படி இருந்தன என்று கண்ணுக்குப் பழக்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்த் தஞ்சாவூரிலிருந்து வந்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாங்க முடியாததைப் பார்த்து வைத்தால் வாங்கக் கூடாததை எளிதில் ஒதுக்கலாம்.

பழைய கத்தி கையில் வந்ததும் அலகைப் பாதிவரை விரித்து இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மூட்டு தேய்ந்திருக்கிறது. முழுவதும் விரியும்போதும் மூடும்போதும் டக் என்ற ஒலி வர வேண்டும். சோம்பலாக மூடும் கத்தியின் வில் களைத்துவிட்டது, அதை யாராலும் தேற்ற முடியாது. மூடிய நிலையில் அலகின் முனை பிடிக்குள் முழுவதும் மறைய வேண்டும். இல்லாவிட்டால் பையும் கிழியும், தொடையும் கிழியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பிடிக்கும் உள் தகட்டுக்கும் நடுவில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். அலகு தேய்ந்து ஒல்லியாகியிருந்தால் அது நல்ல எஃகு, ஆனால் உழைத்து முடித்த எஃகு. அடியில் உள்ள முத்திரையைப் படிக்க முடிந்தால் போதும், பளபளப்பு தேவையில்லை. உப்புத்தாள் போட்டுப் ‘புதுசாக்கி’ வைத்திருக்கும் கத்தியைவிடக் கறுத்துக் கிடக்கும் கத்திக்கே நான் அதிகம் கொடுப்பேன்.

எடுத்துச் செல்வது

பேன்ட் பையில் உறையில்லாமல் போடாதீர்கள். சாவியும் சில்லறையும் பிடியைக் கீறும், வியர்வை உப்பு அலகை அரிக்கும். கத்தி மட்டும் நுழையும் அளவில் மெல்லிய தோலுறை ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடமே தைத்து வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பித்தளையைப் பச்சையாக்கும். மேல்சட்டைப் பை வேண்டாம், குனிந்தால் விழும். காரின் முன்பெட்டியில் விட்டுவைப்பதும் வேண்டாம். மே மாதத்தில் அந்தச் சூட்டில் எந்த இயற்கைப் பிடியும் பிழைக்காது.

பயன்படுத்தும்போது சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அலுவலகத்தில் பார்சல் பிரிக்க 3 அங்குல அலகை விரித்தால் பக்கத்து மேசை மிரளும். அங்கே சிறிய பேனாக்கத்தி போதும். பீச்சில் மாங்காய் நறுக்கப் பெரியதை எடுக்கலாம். யாரேனும் கேட்டால் மடித்து, மேசையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டிகள் சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும், விரலுக்கு அது நல்ல விதி.

எஃகைப் பொறுத்தவரை, முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகே போதும். கார்பன் எஃகு மீது ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாங்காயும் எலுமிச்சையும் அதை நீலமும் சாம்பலுமாகக் கறுக்க வைக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, மேலும் துரு ஏறாமல் ஓரளவு காக்கும். செம்பழுப்பாக வருவதுதான் துரு. அதை எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகுப் பஞ்சால் உடனே எடுத்துவிடுங்கள்.

தீட்டுவதும் பாதுகாப்பதும்

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், கத்தரிக்கோலைக் கொடுங்கள். பேனாக்கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறை இல்லை. நீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் கல் மெல்லிய அலகைச் சூடாக்கி அதன் கடினத்தை இறக்கிவிடும், பத்து வருடத் தேய்மானத்தை ஒரே நிமிடத்தில் செய்துவிடும். 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி, ஏறக்குறைய 20 பாகைச் சாய்வில், இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுத்துப் பழகுங்கள். பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் நான்கு இழுப்பு இழுத்தால் கூர் முடிந்தது. மூட்டுக்கு ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும், தவிர்த்துவிடுங்கள். பழம் நறுக்கும் அலகுக்கு உணவுத் தரமுள்ள மினரல் எண்ணெய்.

வீட்டில் வைக்க, மூடியுள்ள டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் உலோக, செயற்கைப் பிடிகளுக்குச் சரி. எலும்பையும் கொம்பையும் அப்படி வறட்டாதீர்கள்; துணியில் சுற்றி அலமாரியின் நடுத்தட்டில், குளிர்சாதனக் காற்று நேராகப் படாத இடத்தில் வைக்கலாம். பழைய செல்லுலாய்டு பிடி மட்டும் தனிப்பிறவி. ஆமையோடுபோலவும் முத்துச்சிப்பிபோலவும் மினுங்கும் அந்தப் பொருள் வயதாகும்போது அமில வாயுவை வெளியிட்டுத் தன் அலகையும் பக்கத்துக் கத்திகளின் அலகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். எளிதில் தீயும் பற்றும். அதைக் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள், அடுப்படிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஆயுத பூஜைக்குக் கத்திகளையும் வரிசையாக வைப்பது நல்ல வழக்கம். சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு அலகில் ஒட்டி நின்றால் மறுநாள் அந்த இடத்தில் பொட்டு வடிவிலேயே துரு இருக்கும். பொட்டைப் பிடியின் உலோகப் பகுதியில் வைத்துவிட்டு, விளக்கு குளிர்ந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள். எலும்புப் பிடியில் குங்குமம் வைத்தால் சாயம் இறங்கிவிடும், பிறகு போகாது.

ஒவ்வொரு கத்திக்கும் ரசீதை எடுத்து வையுங்கள். பிடி என்ன பொருள், யாரிடம் எப்போது வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொம்பு எருமையினுடையதா மானினுடையதா என்ற கேள்வி வரும் நாளில் அந்த நோட்டு பேசும். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள்களும் கைவினைப் பொருள்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும். அப்படி வந்தால் தனிநபர் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே கொள்ளுத்தாத்தாவின் ஷெஃபீல்டு கத்தியை நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பும் முன் அதன் வயதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை அலுவலகத்தில் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.